விலங்கியல் துறையை எப்படிப் பார்ப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பாம்பன் சின்னப்பாலம். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. விலங்கியல் படிக்க ஆசைப்படுகிறாள். இரண்டு கலை அறிவியல் கல்லூரிகளில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. ஒன்றுக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) கொடுத்த கிரேடு அதிகம். அதை வைத்தே முடிவெடுக்கலாமா?

தங்கள் வாசகன்,
சின்னப்பாலம்

அன்புள்ள தம்பி,

கிரேடு மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துப் போடுவது. விலங்கியல் துறை எப்படி என்று அதில் தெரியாது. சீனியர்களுக்குச் செய்முறை வகுப்பு இருக்கிற நாளாகப் பார்த்து, தங்கையோடு இரண்டு இடத்துக்கும் நேரில் போய் வாருங்கள்.

மைக்ரோஸ்கோப் எத்தனை என்று எண்ண வேண்டாம். உறை மேல் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கை பட்டுக் குமிழ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம், ஒரே அளவில் இருந்தால் அது புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. கண்ணால் பார்த்து வரைந்த படம் கொஞ்சம் கோணலாக, ரப்பர் வைத்து அழித்த தடத்தோடு இருக்கும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், படித்து முடித்தவர்கள் எங்கே எம்.எஸ்சி. சேர்ந்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் படித்த கல்லூரியில் பலனோகிளாசஸ் என்ற புழுவை கெடாமல் வைக்கும் பார்மலின் திரவ ஜாடியில் காட்டினார்கள். முதுகெலும்பில்லாதவைக்கும் உள்ளவைக்கும் நடுவில் வைத்துப் பேசப்படும் உயிர் அது. தேர்வுக்காக உருப்போட்டேன். அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குருசடைத் தீவு மணலுக்குள் வாழ்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் துறைத்தலைவரிடம் இதை அவசியம் கேளுங்கள்: பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிறீர்களா? 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்க முடியாது. சரி. ஆனால் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் நின்று, வலையின் மடியில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று பார்க்க யார் அனுமதி வேண்டும்? மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே அங்கேதான் இருந்தது. அங்கே போய் புராஜெக்ட் செய்த சீனியர் ஒருவராவது உண்டா என்று விசாரியுங்கள்.

அப்புறம், அம்மா எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசியில் ஒரு கைப்பிடியைத் தங்கை பையில் போட்டுக்கொண்டு போகட்டும். பாசி தாவரவியல் பாடம்தான், இருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்து அகார் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஊற்றி உறையவைப்பதும் அகார்தான். ஆசிரியர் அதைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்து, "எந்தக் கடல் பாரில், எந்தப் பாறைத் திட்டில் எடுத்தது? அம்மா எந்த மாதம் போவார்?" என்று கேட்டால், கிரேடு குறைவாக இருந்தாலும் தங்கையை அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்