ஆதன் அப்பா

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயர் இருப்பதைப் படித்ததிலிருந்து அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் மாமனார் அகராதியைப் புரட்டி, “அறிவில்லாதவன்னு போட்டிருக்கே” என்கிறார். பெயர்ச் செயலி ஒன்றில் ‘மிக அரிது’ என்று வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று மனைவிக்குப் பயம். எண்கணிதம் பார்த்தவரோ ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ கூடுதலாகப் போடச் சொல்கிறார். இந்தப் பெயரின் உண்மையான பொருள் என்ன? வைக்கலாமா?

செந்தில், கரூர்

அன்புள்ள செந்தில்,

முதலில் குழந்தைக்கும் அவன் அம்மாவுக்கும் என் அன்பு. ராத்திரித் தூக்கம் கெட்ட கண்ணோடுதான் இதை எழுதியிருப்பீர்கள்.

எண்கணிதத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த ‘ஏ’யைப் போடாதீர்கள், அவ்வளவுதான். செயலியையும் விடுங்கள். அமெரிக்காவில் அரசே ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணி வெளியிடுகிறது. நம் ஊரில் அப்படி ஓர் அரசுப் பட்டியல் வருவதில்லை, பிறகு எதை எண்ணி ‘அரிது’ என்கிறார்கள்? அவசரப்படவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம்கூடக் கிடையாது.

ஆனால் ஒன்றில் எனக்குக் கோபம். கரூரில் உட்கார்ந்துகொண்டா ஆதன் அரிதா என்று செயலியைக் கேட்பீர்கள்? வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டான் மலைக்கு, முருகனைக் கும்பிட ஒரு தடவையாவது படியேறியிருப்பீர்கள். அந்த மலையில், சமணத் துறவி ஒருவருக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்று இருக்கிறது. அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை ஒரே கல்லில். கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்று சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்து முழுக்க ஆதன்கள். கீழடியில் அதே பெயரைப் பானையில் கீறி வைத்தவர் ராஜாவாக இருந்திருக்க வேண்டியதில்லை. அரண்மனையிலும் அடுப்படியிலும் ஒன்றுபோலக் கூப்பிட்ட பெயர் அது.

சரி, பொருள். மாமனார் சொல்வது பொய்யில்லை, அகராதியில் அப்படியும் இருக்கிறது. ஆனால் அவரை உட்காரவைத்துச் சங்கப் புலவர் பிசிராந்தையார் கதையைச் சொல்லுங்கள். பள்ளியில் அந்தப் பெயர் வந்த அன்று நாங்கள் ஆந்தை ஆந்தை என்று சிரித்தோம், வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பல வருடம் கழித்துத் தொல்காப்பியத்தில் ‘ஆதனும் பூதனும்’ என்று தொடங்கும் நூற்பாவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆதன் தந்தை என்பது சேர்ந்து ஆந்தை ஆகும், பூதன் தந்தை பூந்தை ஆகும் என்கிறது அந்த விதி. அப்படியென்றால் பிசிர் என்ற ஊரில் இருந்த ஆதனுடைய அப்பாதான் பிசிராந்தையார்! கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த, அதாவது வடக்கே பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரைவிடத் துணிந்த இடத்துக்குத் தேடிப்போய்க் கூடவே உயிரைவிட்ட அந்தப் பெரிய மனிதரின் சொந்தப் பெயர் நம்மிடம் இல்லை, மகன் பெயர்தான் இருக்கிறது. இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆம் பாட்டு. எடுத்த எடுப்பில் என்ன சொல்கிறார்? என் மனைவி மாண்புள்ளவள், என் பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள் என்கிறார். ஆதனைப் பெற்றவரே சொல்லிவிட்டார் செந்தில், அதற்கு மேல் அகராதியில் என்ன தேடுகிறீர்கள்?

உங்கள் மனைவியின் பயத்தை மட்டும் நான் லேசாக எடுக்கமாட்டேன். எங்கள் வீட்டில் அது நடந்தது. முதல் இரண்டு குழந்தைகள் தங்காமல் போக, மூன்றாவதாகப் பிறந்த அண்ணனைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து தவிடு கொடுத்து வாங்கிக் குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். எமனுக்கே வேண்டாம் என்று தோன்ற வேண்டும் என்பாள் அம்மா. எந்த அகராதியில் பார்த்தாலும் குப்பைக்கு நல்ல பொருள் கிடையாது, ஆனால் அந்தப் பெயரைப் போல ஒரு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட பெயரை நான் பார்த்ததில்லை. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். “குப்பு அப்பா, சாப்பிட வாங்க” என்பாள். தெருவும் அப்படியே பழகிவிட்டது. பால்காரர், ரேஷன் கடைக்காரர் எல்லோருக்கும் அவர் குப்பு அப்பாதான்.

பள்ளியில் அண்ணனை அழவைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலையாக அரசிதழில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

2003இல் அப்பா போனபோது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய சான்றிதழ்ப் பெயரைப் போட்டோம். காலையில் ஒட்டியது. மத்தியானம் வரை பத்துப் பேர்கூட வரவில்லை. டீக்கடையில் நின்ற ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம குப்பு அப்பா மாதிரி இருக்கே” என்றாராம். இதைக் கேட்ட அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு சுவரொட்டியிலும் படத்துக்குக் கீழே பெரிதாகக் ‘குப்பு அப்பா’ என்று எழுதிக்கொண்டே போனான். 20 வருடமாக அவன் வாயால் சொல்லாத பெயர். சாயங்காலம் எடுக்கும்போது தெரு கொள்ளவில்லை.

பெயரை வையுங்கள். குழந்தைக்குத் தலை நின்றதும் ஆறுநாட்டான் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டுங்கள். மாமனாருக்கு முழங்கால் நன்றாக இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.