குளிர் வந்தால் ஆளே மாறிவிடுகிறார்!

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

குளிர்கால விடுமுறை என்றாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். கணவர் வேலைக்கு அஞ்சாதவர், கலகலப்பானவர். ஆனால் நவம்பரில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டத் தொடங்கினால் ஆளே மாறிவிடுகிறார். சில வருடங்களாகவே இப்படித்தான். மார்ச் வந்தால் பழைய மனிதர்.

வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். விடுமுறையில் பத்து மணி வரை படுக்கை. எழுந்தால் சோபா, செல்போன், ஏதாவது இனிப்பு. சமையல், பாத்திரம், காயவே காயாத துணி, பிள்ளைகளின் சண்டை எல்லாம் என் தலையில். கேட்டால் "முடியல, விடு" என்பார். "வருஷம் பூரா உழைக்கிறான், தூங்கட்டுமே" என்று அத்தை வேறு. நானும் வேலைக்குப் போகிறவள்தானே?

இதற்கு நடுவில் நாத்தனார் குடும்பம் ஒரு வாரம் தங்க வருகிறது. "தாராளமா வாங்க" என்று கணவர் போனில் சொல்லிவிட்டு எனக்கு மறுநாள்தான் தகவல் சொன்னார். 'டிப்ரஷனாக இருக்குமோ' என்று கேட்டதற்கு, "என்னைப் பைத்தியம்னு சொல்றியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது நோயா, சோம்பேறித்தனமா, என்மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போனதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'மார்ச் வந்தால் பழைய மனிதர்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மனைவிமேல் பிடிப்பு விட்டுப்போனவருக்கு அது வருடாவருடம் மார்ச்சில் திரும்பி வராது. சோம்பேறித்தனமும் காலண்டர் பார்த்து வருவதில்லை.

குளிர்கால மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1984-ல் இதை விவரித்து எழுதினார்கள். வழக்கமான மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். இதில் பெரும்பாலும் தலைகீழ்: தூக்கம் கூடும், இனிப்பும் மாவுப் பண்டங்களும் கேட்கும், எடை ஏறும். காலை வெளிச்சம் குறையும்போது சிலருக்கு மூளையின் உள் கடிகாரம் பின்தங்கிவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஒரு கடிதத்தை வைத்து அவருக்கு இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். தைராய்டு குறைபாடு, ரத்தசோகையிலும் இதே அசதி வரும். எனவே முதலில் குடும்ப மருத்துவரிடம் போவதுதான் சரி.

எப்படி அழைத்துப்போவது? 'டிப்ரஷன்' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். "இவ்வளவு தூங்கியும் அசதி போகலையே, ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமா?" என்று கேளுங்கள். மகனுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றினால் அத்தையும் உங்கள் பக்கம் வந்துவிடுவார். இந்த விஷயத்தில் அவரைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

அதுவரை, எழுந்ததும் கணவரை வெளியே நடக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே அதிகம். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்குகள் விற்கின்றன. காலையில் சுமார் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும், உற்றுப் பார்க்கக் கூடாது. கண் நோயோ, மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். 'வாழ்ந்து என்ன ஆகப்போகிறது' என்ற மாதிரி பேச்சு வந்தால் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசர மருத்துவ உதவி தேவை.

சரி, வீட்டு வேலைக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நோய் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் தாங்களே சுமக்கிறார்கள்; இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறார்கள். அவருடைய அசதி நிஜமாகவே இருக்கட்டும். அதனால் அவர் பங்கு வேலை உங்களுடையதாகிவிடாது. இந்தச் சோர்வு உள்ளவர்களுக்குக் காலை நேரம்தான் பெரும் பாடு, எனவே காலையில் எழுப்பி மல்லுக்கு நிற்க வேண்டாம். மதியத்துக்கு மேல் துணி மடிப்பதும் இரவுப் பாத்திரமும் அவருடையது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்ற பொதுப்பேச்சு வேண்டாம். சோர்ந்திருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது. உண்மையில் சோர்வு இல்லாத ஆண்கள் பலருக்கும் புரிவதில்லை, அது வேறு கதை.

நாத்தனார் வருகையைப் பொறுத்தவரை நான் கறாராகத்தான் சொல்வேன். இந்த வருடம் ஒரு வாரம் முடியாது, இரண்டு நாள் போதும். அதை நீங்கள் சொன்னால் 'அண்ணி தடுத்துவிட்டாள்' என்றுதான் பேச்சு வரும். அழைத்தவர் உங்கள் கணவர், தங்கைக்குப் போன் செய்ய வேண்டியவரும் அவரே. அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் பேசச் சொல்லுங்கள்.