லெபெதெவ் ஏன் ஒரு கேலி நாடகத்தைப் போட்டார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்க நாடகம் பற்றிய கட்டுரையில், ஐரோப்பிய பாணி அரங்கில் ஓர் இந்திய மொழியில் நடந்த முதல் நாடகம் 1795இல் கல்கத்தாவில் கெராசிம் லெபெதெவ் என்ற ரஷ்யர் போட்டது என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அவர் எடுத்துக்கொண்டது இன்று யாருக்கும் தெரியாத ஓர் ஆங்கிலக் கேலி நாடகம். ஷேக்ஸ்பியர் இருக்க, காளிதாசர் இருக்க, எதற்கு இந்தக் குப்பை? போதாததற்கு, இந்தியர்களுக்குக் கனமான விஷயத்தைவிடக் கோமாளித்தனம்தான் பிடிக்கும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைப் போய்க் கொண்டாட வேண்டுமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

குப்பை என்பதில் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. லெபெதெவ் எடுத்துக்கொண்ட ‘தி டிஸ்கைஸ்’ நாடகத்தை எழுதிய ரிச்சர்ட் பால் ஜோட்ரெல், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸுக்கு விளக்கம் எழுதிய படிப்பாளி. நாடகம் அவருக்குக் கைவேலை மாதிரி. 1787இல் வந்த அவருடைய தொகுப்பில் ஒரு பகுதி, பணக்காரர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் நடித்துப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட சரக்கு. காதல், மாறுவேடம், ஆள்மாறாட்டம், கடைசியில் எல்லாம் சுபம். லண்டனிலேயே அதை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை.

ஆனால் ஏன் அதை எடுத்தார் என்ற உங்கள் கேள்விக்குப் பதில், நீங்கள் கோபப்படும் அதே முன்னுரையில் இருக்கிறது. கெராசிம் லெபெதெவ் 1801இல் லண்டனில் ஓர் இந்திய மொழி இலக்கணம் வெளியிட்டார். அதன் முன்னுரையில்தான் இந்தக் கதையெல்லாம் வருகிறது. மிமிக்ரியும் வேடிக்கையும் இங்கே விரும்பப்படுகின்றன என்று சொன்ன கையோடு, அதனால் எப்படிப்பட்ட நாடகத்தைத் தேடினேன் என்று ஒரு பட்டியல் போடுகிறார்: காவல் நிற்கும் சௌக்கிதார்கள், திருடர்கள், குமாஸ்தாக்கள், சில்லறைக் கொள்ளைக்காரர்கள். இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது அன்றைய கல்கத்தாத் தெரு. கதை நடக்கும் இடத்தையும் ஸ்பெயினிலிருந்து கல்கத்தாவுக்கும் லக்னோவுக்கும் மாற்றிவிட்டார். சொந்தமாகப் பெரிய உயிர் இல்லாத நாடகம் என்பதால்தான் இவ்வளவையும் உள்ளே திணிக்க முடிந்தது. ‘ஹாம்லெட்’டில் கை வைத்திருந்தால் அது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் கணக்கில் இதுதான் முக்கியம். அன்றைக்கு வங்காள இலக்கியம் என்றால் பாட்டு. அச்சில் வந்த உரைநடை மிகவும் கொஞ்சம். கம்பெனி அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கற்றுக்கொடுத்த கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி 1800இல்தான் வருகிறது, உரைநடை நூல்கள் எழுத ஆள் போட்டதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த நிலையில் இரண்டு பேர் மேடையில் நின்று சும்மா பேசிக்கொள்ள வேண்டும் என்றால் எந்த மொழியில் பேசுவார்கள்? பெரிய நாடகத்துக்குப் பெரிய நடை வேண்டும், அது கையில் இல்லை. கேலி நாடகத்துக்கு வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுகிற பேச்சே போதும். அதில் இந்துஸ்தானியும் ஆங்கிலமும் கலந்திருந்தால் இன்னும் வசதி. லெபெதெவ் கலந்துதான் போட்டார்.

மொழிபெயர்த்ததும் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பண்டிதர்களைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்துவிட்டு, எந்த வரியில் அவர்கள் முகம் மலர்கிறது, எங்கே உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்திருக்கிறார். நம்மூர் இயக்குநர்கள் முன்னோட்டக் காட்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்களே, அந்த வேலை. பிறகு அவருடைய வங்காள ஆசிரியர் கோலோக்நாத் தாஸ், மேடையேற்றுவதாக இருந்தால் ஆணும் பெண்ணுமாக நடிகர்களை நான் கொண்டுவருகிறேன் என்று முன்வந்தார். சொன்னபடி செய்தார்: பத்து ஆண்கள், மூன்று பெண்கள். பெண் வேடத்துக்குப் பெண்ணே என்பது கல்கத்தா ஆங்கிலேயர்களுக்கே அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. கோலோக்நாத் இல்லாவிட்டால் இந்த நாடகம் லெபெதெவின் பெட்டியிலேயே கிடந்திருக்கும். முதல் முதல் என்று பேசுகிறவர்கள் அவர் பெயரை அரை வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அரங்கம் டோம்டோலாவில், 25ஆம் எண். இன்றைய எஸ்ரா தெருப் பக்கம். கவர்னர் ஜெனரலின் அனுமதியோடு திறக்கப்போவதாக ‘கல்கத்தா கெஜட்’டில் விளம்பரம் வந்தது: வங்காள பாணியில் அலங்கரித்த அரங்கம், வங்காளிகள் மதிக்கும் வாத்தியங்களோடு ஐரோப்பிய வாத்தியங்கள், வங்கக் கவிஞர் பாரதசந்திர ராயின் பாடல்களுக்கு இசை. லெபெதெவ் அடிப்படையில் செல்லோ வாசிக்கும் இசைக்காரர், அதனால் பாட்டில் குறை வைக்கவில்லை. (கல்கத்தா போகும் முன் 1785 முதல் இரண்டு வருடம் நம் சென்னையில்தான் இசை நிகழ்ச்சிகளில் வாசித்துக்கொண்டிருந்தார். தமிழும் கொஞ்சம் கற்றார். நமக்கு ஒரு நாடகம் தப்பிவிட்டது.)

1795 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முதல் காட்சி. பாக்ஸுக்கும் கீழ்த்தளத்துக்கும் எட்டு சிக்கா ரூபாய் (அன்றைய வெள்ளி நாணயம்), கேலரிக்கு நான்கு. அடுத்த மார்ச் 21 அன்று நடந்த இரண்டாவது காட்சிக்கு டிக்கெட் ஒரு தங்க மொஹர், அதாவது பதினாறு ரூபாய். மக்கள் நாடகத்தின் விடிவெள்ளி என்றெல்லாம் எழுதுகிறார்களே, அவர்களிடம் இந்த விலையைக் காட்டுங்கள். விளம்பரமே குடியேற்றத்துச் சீமான் சீமாட்டிகளை நோக்கி, ஆங்கிலத்தில்தான் வந்தது. கொண்டாட்டத்தில் எனக்கு நெருடுவது இதுதான், நாடகத்தின் தரம் இல்லை.

அப்புறம் அந்தக் கோமாளித்தனம் பற்றிய வாக்கியம். திமிர் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய லண்டனில் பெரிய நாடகம் முடிந்ததும் ஒரு சின்னக் கேலி நாடகம் போட்டுத்தான் ஜனங்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அது இல்லாவிட்டால் கூட்டம் குறையும். ஊருக்கெல்லாம் உள்ள ருசியை நம் தலையில் மட்டும் கட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரும் சமஸ்கிருத நாடகமும் வந்திருக்கக் கூடாதா என்கிறீர்கள். வந்தன. 1831 டிசம்பரில் பிரசன்ன குமார் தாகூர் தன் இந்து தியேட்டரை ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் ஒரு பகுதியோடும் பவபூதியின் ‘உத்தரராமசரிதம்’ நாடகத்தின் ஒரு பகுதியோடும் திறந்தார். இரண்டும் நடந்தது ஆங்கிலத்தில். பவபூதிக்கு சமஸ்கிருத அறிஞர் வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. வங்காளிகள் கட்டிய அரங்கில், வங்காளிகள் நடித்த மேடையில், வங்காளம் இல்லை.

லெபெதெவின் அரங்கமோ இரண்டு காட்சிகளைத் தாண்டவில்லை. அவர் ஆங்கில நாடகங்களும் போடலாம் என்று அனுமதி வாங்கியதுதான் வினை. கல்கத்தா தியேட்டர் என்ற ஆங்கில அரங்கை நடத்திய ரோவர்த்துக்கு இது பிடிக்கவில்லை. ஜோசப் பாட்டில் என்ற காட்சித்திரை ஓவியரை லெபெதெவிடம் வேலைக்கு அனுப்பி, உள்ளே இருந்தே கவிழ்த்துவிட்டார்கள் என்பது லெபெதெவ் தரப்பு. நொந்துபோன மனிதர் எழுதியது, கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். கையில் காசில்லாமல் 1797இல் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.