அண்ணாச்சியே கொஞ்சம் பொறுத்துக்கொள்வாரா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளி அண்ணாச்சி மகனோடு சென்னைக்குப் போகப் போகிறார். மெஷின், சரக்கு, கம்பெனிப் பேர் எல்லாம் சேர்த்து 9 லட்சம், நீயே எடுத்துக்கோ என்கிறார். மாதம் 40,000 நிற்குமாம். கணக்கு நோட்டு எழுதுவது அவர் சம்சாரம்தான். என்னிடம் இரண்டரை லட்சமும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. ஒருவர் 15,000 கொடுத்தால் அரசு மானியத்தோடு கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 3 லட்சம் நாளைக்கே தருகிறாராம். எதை எடுக்கட்டும்? – அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள், சகோதரி. மானியம் வாங்கித் தருகிறேன் என்கிறவர் பெரும்பாலும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைத்தான் சொல்லியிருப்பார், அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனியை வாங்க அதில் வழி கிடையாது. அந்த 15,000 போனது போனதுதான். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 9,000 வட்டிக்கே போகும், அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அநியாய வட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதற்கப்புறமும் 2017இல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நம் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த 40,000க்கு வருவோம். எந்த மாதத்தில் 40,000? ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயிலே தலைகாட்டாது, பாயில் போட்ட அப்பளம் சாயங்காலமும் விரலில் ஒட்டும், அப்போது உங்களுக்கே பாதி நாள் வேலை இருந்திருக்காது. மார்கழியில் கல்யாணமும் இல்லை. ஆக மூன்று மாதத்தைத் தள்ளிவிட்டு ஒன்பது மாதத்துக்குப் போட்டால் 3,60,000. இதில் அண்ணாச்சியும் சம்சாரமும் காலையிலிருந்து ராத்திரி வரை உழைத்த கூலியைக் கழிக்கவே இல்லை, பாருங்கள். நாளை அந்த இடத்தில் நிற்கப் போவது நீங்கள். உங்களுக்கென்று மாதம் 15,000 எடுத்து வைத்தால் வருடத்துக்கு 1,80,000. மீதி 1,80,000, கடன் அடைக்க இவ்வளவுதான் இருக்கிறது. இப்போது 6 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,350, வருடத்துக்கு 1,60,000. அப்புறமும் அண்ணாச்சி கேட்கிற 9 லட்சத்துக்கு உங்கள் இரண்டரை லட்சம் முழுசும் போய், நகையிலும் கைவைக்க வேண்டும். உளுந்து எதை வைத்து வாங்குவீர்கள்? விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் உளுந்து தை மாதத்தில்தான் வரும், அந்த நேரம் கையில் ஒரு லட்சமாவது ரொக்கம் இருந்தால்தான் விலை பார்த்துப் போட முடியும். கடனுக்கு வாங்கினால் மூட்டைக்கு மூட்டை விலை ஏறும்.

அதனால் நான் சொல்வது, அண்ணாச்சியையே உங்களுக்குக் கடன் கொடுக்கிறவர் ஆக்குங்கள். முதலில் விலையை 7 லட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மெஷினையும் சரக்கையும் தனித்தனியாக விலை போட்டுப் பார்த்தால், 'பேருக்கு' என்று எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்துவிடும், குறைக்கிற இடம் அதுதான். உங்கள் கையிலிருந்து ஒன்றரை லட்சம், வங்கியில் மூன்றரை லட்சம், மீதி 2 லட்சத்தை வட்டியில்லாமல் 8,000 வீதம் 25 தவணை, அதுவும் மழை மாதம் மூன்றும் தவணை கிடையாது என்று பேசுங்கள். வங்கித் தவணை சுமார் 7,800. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 1,65,000 சொச்சம் வரும். இழுத்துப் பிடித்தால் முடியும், நகை பெட்டியிலேயே இருக்கும், ஒரு லட்சம் உளுந்துக்கு மிஞ்சும். மாதம் 40,000 நிற்கிற கம்பெனிதான் என்று அவருக்கே நம்பிக்கை இருந்தால் 2 லட்சத்துக்குப் பொறுத்திருக்க என்ன கஷ்டம்? மொத்தமும் இன்றைக்கே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

வங்கிக்கு முத்ரா கடன் (சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம்) என்று கேட்டே போங்கள். மூன்றரை லட்சம் 'கிஷோர்' பிரிவில் வரும் (50,000க்கு மேல் 5 லட்சம் வரை), ஈடு கேட்கக் கூடாது. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இணையத்தில் இலவசம், அதற்கும் யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்தத் தலைவலி மிச்சம். ஆனால் அதனாலேயே விற்பனைக்குச் சரியான சான்று இருக்காது, ஆகவே அவருடைய பாங்க் பாஸ்புக்கைக் கேளுங்கள். அதைவிட நல்ல சாட்சி மூட்டைக் கணக்கு. போன வருடம் எத்தனை மூட்டை உளுந்து உள்ளே வந்தது என்று இறக்கி வைத்த ஆளுக்கும் உங்களுக்கும் தெரியும், நோட்டில் இருக்கிற விற்பனை அதோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

எழுத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். பேர் பதிவு செய்த வணிகச் சின்னமா, அப்படியென்றால் உங்கள் பேருக்கு எழுதித் தர வேண்டும். இரண்டாவது, அண்ணாச்சி இந்த வட்டாரத்தில் மறுபடி அப்பளம் போடக் கூடாது. இப்படி எழுதி வாங்குவது செல்லும், 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவிலேயே தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு போட இடம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையை இப்படி எதுவும் எழுதாமல் வாங்கினார். விற்றவர் நாலாவது மாதம் அதே தெருவில் மூன்று கடை தள்ளி போர்டு மாட்டினார். வாடிக்கையாளர் எல்லாம் அந்தப் பக்கமே போய்விட்டார்கள், பெரியப்பா பழைய டயர்களோடு உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் பில் பாக்கி, மாவுக்கடை பாக்கி, கட்டிட அட்வான்ஸ் யார் பேரில் என்பதெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அண்ணாச்சியிடம் பேசப் போகும்போது அவர் சம்சாரமும் கூட இருக்கிற நேரமாகப் போங்கள். நோட்டு அவர் கையில்தானே இருக்கிறது, போன ஐப்பசிப் பக்கத்தை ஒரு தடவை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.