வேலை வழிகாட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்துவிட்டு, ஆறு ஆண்டுகளாக உள்ளூர் கேபிள் ஆபரேட்டரிடம் வேலை பார்க்கிறேன். ஃபைபர் ஸ்ப்ளைசிங்கும் (கண்ணாடி இழைகளை ஒட்டுவது) வீட்டு இணைப்பும் என் பொறுப்பு. சம்பளம் உயரவே இல்லை. இத்துறையில் மேலே செல்ல வழி உண்டா?
– வாசகர், தருமபுரி

பதில்: வழி உண்டு. ஆனால் இப்போது செய்யும் வேலையையே தொடர்ந்தால் சம்பளம் பெரிதாக உயராது. இன்றைய ஸ்ப்ளைசிங் மெஷின் இழைகளைத் தானே நேர்ப்படுத்தி, உருக்கி ஒட்டி, ஒட்டில் ஒளி இழப்பு எவ்வளவு என்ற மதிப்பீட்டையும் திரையில் காட்டிவிடுவதால், ஒட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நான்கு பேர் கிடைக்கிறார்கள். பழுது எங்கே, எதனால் என்று அளந்து சொல்பவர்தான் அரிது.

ஆகவே, இழைக்குள் ஒளியை அனுப்பி எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று அளக்கும் ஓ.டி.டி.ஆர். கருவி வரைந்து தரும் கோட்டைப் படிக்கப் பழகுங்கள். ஓரிடத்தில் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இழப்பு குறைவாகவும் 1550-இல் அதிகமாகவும் தெரிந்தால், பெரும்பாலும் ஒட்டுகளை வைக்கும் ஜாயின்ட் பெட்டிக்குள் யாரோ இழையை இறுக்கி மடக்கியிருப்பார்கள். திறந்து தளர்த்திவிட்டால் போதும். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு தெரிந்தால் ஒட்டில்தான் கோளாறு. வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். அடுத்தது டெசிபல் கணக்கு, அதாவது ஒளி இழப்பின் கணக்கு. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் தொழில்நுட்பத்தின் பி+ வகையில் தாங்கக்கூடிய மொத்த இழப்பு 28 டெசிபல். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரித்தாலே ஏட்டுக் கணக்கில் 15 டெசிபல் போய்விடுகிறது, நடைமுறையில் இன்னும் கூடும். மீதியில்தான் தூரம், ஒட்டு, கனெக்டர் எல்லாம் அடங்க வேண்டும். இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுபவரை எந்த முதலாளியும் நெடுநாள் ஏணி தூக்க வைத்திருக்க மாட்டார்.

அதன்பின் ஓ.எல்.டி. (வீட்டு இணைப்புகளை நிறுவனத்தின் பக்கம் இயக்கும் கருவி) அமைப்பு, விலேன் (ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது), ஐ.பி. முகவரி ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால் இணையச் சேவை நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லலாம். அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களின் தரவு மையங்களிலும் ஃபைபர் பதிப்பும் சோதனையும் அன்றாட வேலைகளே. கிராமங்களுக்கு இணையம் கொண்டு செல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் மேற்கொண்டது. இதுபோன்ற திட்டங்களில் கேபிள் பதிக்கும் வேலை வந்து போகும், பராமரிப்பு வேலை நிற்கும். ஒப்பந்தக்காரரிடம் சேர்வதானால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, எலக்ட்ரீஷியன் ஈராண்டுப் பயிற்சி என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மேற்பார்வையாளர் பதவிகளுக்கு டிப்ளமோ கேட்பது வழக்கம். தொலைத்தொடர்புத் துறைத் திறன் கவுன்சிலின் ஸ்ப்ளைசர் சான்றிதழும் பயன்படும், ஆனால் அதை மட்டும் நம்பிச் சம்பள உயர்வு கேட்க இயலாது.

கேள்வி: எனக்கு 46 வயது. கேபிள் வேலைக்காகக் கம்பம் ஏற முழங்கால் இடம் தரவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் பகுதியில் எந்த ஜாயின்ட் எங்கே இருக்கிறது, அதில் நீல இழை யாருக்கு, ஆரஞ்சு இழை யாருக்கு என்பது பல ஆபரேட்டர்களிடம் எழுத்தில் இருப்பதில்லை, உங்களைப் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் வரைபடமாகப் பதிவு செய்யும் வேலையை நீங்களே முன்வந்து கேளுங்கள். வரைபடம் இருந்தால் அறையில் அமர்ந்தபடியே பழுது பார்க்கும் குழுக்களை அனுப்பலாம். உங்கள் முதலாளி மறுத்தால், மாவட்ட அளவிலான பெரிய நிறுவனங்களை அணுகுங்கள்.