வாசகர் கேள்வி பதில்: 15 டிஸ்டிங்ஷனும் 112 பொயின்ட்ஸும் ஒண்டா?

கேள்வி: அக்கா, நான் ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கிறன், வயசு 34, ரெண்டு பிள்ளையள். கெயார் ஹோமில வேலை செய்துகொண்டு கொலிஜில அக்சஸ் டு நர்சிங் (ஏ லெவலுக்குப் பதிலா, யூனிக்குப் போறதுக்காகப் படிக்கிற கோர்ஸ்) படிக்கிறன். ரெண்டு யூனியில இருந்து கண்டிஷனல் ஒஃபர் (கேட்ட ரிசல்ட் வந்தா இடம் தருவம் எண்டது) வந்திருக்கு. ஒண்டு "அக்சஸ் டிப்ளோமா 60 கிரெடிட், அதில லெவல் 3 கிரெடிட் 45, அந்த 45இல 15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட்" எண்டு கேக்குது. மற்றது "112 யூகாஸ் பொயின்ட்ஸ்" எண்டு மட்டும் போட்டிருக்கு (யூகாஸ் எண்டது யூனிக்கு அப்ளை பண்ணுற இடம்). என்னோட படிக்கிறாக்கள் ரெண்டும் ஒண்டுதான், பயப்பிடாத எண்டு சொல்லுகினம். கீழ ஜிசிஎஸ்இ (இங்க ஓ எல் மாதிரி எழுதுற சோதினை), டிபிஎஸ் எண்டும் கிடக்கு. இதுவரைக்கும் எனக்கு 9 கிரெடிட் டிஸ்டிங்ஷன், 12 மெரிட், 3 பாஸ் வந்திருக்கு. எதை ஃபேர்ம் (முதல் தெரிவு) போடுறது, எதை இன்ஷூரன்ஸ் (அது சரிவராட்டி கைகுடுக்கிற ரெண்டாவது தெரிவு) போடுறது?

பதில்: தங்கச்சி, நீங்கள் மார்க்ஸையும் சேத்து எழுதினது பெரிய உதவி, ஏனெண்டா உங்கட கேள்விக்கான பதில் அந்தக் கடைசி "3 பாஸ்" எண்டதுக்குள்ளதான் இருக்கு. முதல்ல நானும் உங்கட ஃபிரெண்ட்ஸ் சொன்ன மாதிரித்தான் நினைச்சன், பிறகு பேப்பரில எழுதிக் கூட்டிப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது.

கணக்கு இதுதான். அக்சஸ் டிப்ளோமா மொத்தம் 60 கிரெடிட். அதில 45க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் எண்டு கிரேட் போடுவினம், மிச்சம் 15க்கு கிரேட் இல்லை, பாஸ் பண்ணினாச் சரி. 45உம் டிஸ்டிங்ஷன் எண்டா யூகாஸ் கணக்கில 144 பொயின்ட்ஸ், 45உம் மெரிட் எண்டா 96, 45உம் வெறும் பாஸ் எண்டா 48. 15 டிஸ்டிங்ஷனும் 30 மெரிட்டும் சேத்தா சரியா 112 வரும். அதாலதான் ரெண்டும் ஒண்டு எண்டு எல்லாரும் சொல்லுகினம். கூட்டினா ஒண்டுதான், ஆனா வாசிச்சா ஒண்டில்லை.

30 டிஸ்டிங்ஷன் எடுத்து 15 பாஸ் எடுத்த ஒரு பிள்ளையை யோசிச்சுப் பாருங்கோ. அவவுக்கும் 112தான். உங்களிட்டக் கேட்ட டிஸ்டிங்ஷனை விட ரெட்டிப்பு எடுத்திருக்கிறா. பொயின்ட்ஸ் கேட்ட யூனி அவவை எடுக்கும். ஆனா "15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட்" எண்டு கேட்ட யூனியின்ர கண்டிஷனை எழுத்துக்கு எழுத்து பாத்தா அவ மீட் பண்ணேல்லை, ஏனெண்டா 15ஐயும் 30ஐயும் கூட்டினாலே 45 வந்திடுது, அதுக்குள்ள ஒரு பாஸுக்கும் இடமில்லை, மெரிட்டும் அதுக்கு மேலயும் மட்டும்தான்.

இப்ப உங்கட கதைக்கு வாங்கோ. உங்களுக்கு 3 கிரெடிட் பாஸ் ஏற்கனவே விழுந்திட்டுது. பாஸ் ஆன வேலையை கிரேட் கூட்டுறதுக்காகத் திருப்பிக் குடுக்க பொதுவா விடமாட்டினம், ஃபெயில் ஆனாத்தான் திருப்பிக் குடுக்கலாம். அப்ப மிச்சம் 21 கிரெடிட்டிலயும் நீங்கள் டிஸ்டிங்ஷனா எடுத்துத் தள்ளினாலும் முதலாவது ஒஃபரை எழுத்தின்படி இனி மீட் பண்ண ஏலாது. இதைக் கேக்க நெஞ்சு திக்கெண்டு இருக்கும், எனக்குத் தெரியும், ஆனா ஜூலையில தெரியவாறதை விட இப்ப தெரியிறது எவ்வளவோ நல்லது. கையில இன்னும் நேரம் இருக்கு.

ரெண்டாவது ஒஃபருக்கு அந்தப் பாஸ் பெரிய விசயமே இல்லை. ஒரு 3 கிரெடிட் பாஸை இன்னொரு 3 கிரெடிட் டிஸ்டிங்ஷன் ஈடு செய்யும், ஏனெண்டா பொயின்ட்ஸ் கணக்கில மெரிட் நடுவில நிக்குது, பாஸ் எவ்வளவு கீழயோ டிஸ்டிங்ஷன் அவ்வளவு மேல. மிச்ச 21இல 9 டிஸ்டிங்ஷன், 12 மெரிட் எடுத்தா மொத்தம் 18 டிஸ்டிங்ஷன், 24 மெரிட், 3 பாஸ், அதுவும் 112. இதுவரைக்கும் 24 கிரெடிட்டில 9 டிஸ்டிங்ஷன் எடுத்த ஆள் நீங்கள், இனி 21இல இன்னொரு 9. கஷ்டம்தான், ஆனா செய்யக்கூடிய கஷ்டம்.

அப்ப என்ன செய்யிறது? இண்டைக்கே முதலாவது யூனியின்ர அட்மிஷன்ஸுக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ. சுத்தி வளைக்க வேண்டாம். "எனக்கு இந்த இந்த கிரேட் வந்திருக்கு, 3 கிரெடிட் பாஸ், கடைசியில 18 டிஸ்டிங்ஷன், 24 மெரிட், 3 பாஸ் எண்டு வந்தா என்னை எடுப்பீங்களா?" எண்டு நம்பரோட கேளுங்கோ, யூகாஸ் ஐடியையும் போடுங்கோ. போனில ஒருத்தர் "அது ஓகே" எண்டு சொன்னா சந்தோசப்பட்டுக்கொண்டு விடாதேங்கோ, எழுத்தில வேணும். ஓம் எண்டு எழுதித் தந்தா நீங்கள் விரும்பினதை ஃபேர்ம் போடலாம். இல்லை எண்டாலோ மறுமொழியே வராட்டியோ பொயின்ட்ஸ் ஒஃபரை ஃபேர்மா போடுங்கோ, என்ர அபிப்பிராயம் அதுதான். மீட் பண்ண ஏலாதெண்டு தெரிஞ்ச ஒஃபரை ஃபேர்மா வச்சுக்கொண்டு "கடைசி நேரத்தில எடுப்பினம்" எண்டு நம்பியிருக்கிறது ரெண்டு பிள்ளையளோட இருக்கிற ஆளுக்குத் தாங்காது. எடுக்கிறதும் நடக்கிறதுதான், ஆனா அது அவையின்ர விருப்பம், உங்கட உரிமை இல்லை.

இன்ஷூரன்ஸைப் பற்றி ஒண்டு. அதை ஃபேர்மை விட லேசான கண்டிஷனோடதான் போடவேணும். ஒரே கண்டிஷன் இருக்கிற ரெண்டைப் போட்டா ஒண்டு வழுகினா மற்றதும் வழுகும், பிறகு எங்க இன்ஷூரன்ஸ்? ஃபேர்மை நீங்கள் மீட் பண்ணிட்டா இன்ஷூரன்ஸ் தானா விழுந்திடும், ரிசல்ட் வந்தாப் பிறகு ரெண்டில ஒண்டைத் தெரிவு செய்யலாம் எண்டு நினைக்காதேங்கோ. மற்றது யூகாஸ் ஹப்பில உங்களுக்கெண்டு ஒரு மறுமொழித் திகதி காட்டும், அதுக்குள்ள ஒண்டும் சொல்லாட்டி எல்லா ஒஃபரும் தன்ர பாட்டில டிக்ளைன் ஆகிடும்.

கிரேட் இல்லாத அந்த 15 கிரெடிட்டை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்லை. ஸ்டடி ஸ்கில்ஸ், ரெஃபரன்ஸிங் எண்டு சின்னச் சின்ன வேலையாத்தான் இருக்கும், "கிரேட் இல்லைத்தானே" எண்டு பின்னுக்குத் தள்ளி வைப்பம். அதில ஒண்டு குறைஞ்சாலும் 60 இல்லை, 60 இல்லாட்டி டிப்ளோமா இல்லை, டிப்ளோமா இல்லாட்டி அந்த 112உம் இல்லை. நான் படிக்கேக்க ஃபிரிட்ஜில ஒரு பேப்பர் ஒட்டி வச்சிருந்தனான், இடப்பக்கம் யூனிட்டின்ர பேர், பக்கத்தில 3, 6, 9 எண்டு கிரெடிட், கடைசியில வந்த கிரேட். ஒரு நாள் இரவு அதுக்கு முன்னால நிண்டுகொண்டு பாத்தா, 3 கிரெடிட் அசைன்மென்ட் ஒண்டுக்கு ரெண்டு கிழமை மினக்கெட்டிருக்கிறன், 9 கிரெடிட்டுக்கு நாலு நாள்தான். அண்டைக்குப் பிறகு நேரத்தை கிரெடிட்டின்ர அளவுக்குத்தான் பிரிச்சனான். நீங்களும் ஒண்டு ஒட்டுங்கோ, 15 கிரேட் இல்லாத கிரெடிட்டையும் சேத்து.

டிபிஎஸ் எண்டது பொலிஸ் செக், நர்சிங்குக்கு என்ஹான்ஸ்ட் டிபிஎஸ் கேப்பினம், அதோட ஒக்கியுபேஷனல் ஹெல்த் ஃபோர்மும் வரும். அதுகளும் கண்டிஷன்தான், யூனி லிங்க் அனுப்பினா அண்டைக்கே நிரப்புங்கோ. ஜங்க் மெயிலையும் பாருங்கோ.

அக்சஸ் ரிசல்ட் அநேகமா ஜூலையில வரும், ஏ லெவல் மாதிரி ஓகஸ்டில இல்லை. அது யூனிக்குத் தானாப் போகுமா, நீங்கள் அனுப்பவேணுமா எண்டு கொலிஜில இப்பவே கேட்டு வையுங்கோ. படிப்பு சம்பந்தப்பட்ட கண்டிஷன் எல்லாத்துக்கும் யூகாஸின்ர கடைசித் திகதி ஓகஸ்ட் 31.

கேள்வி: நான் ஊரில ஓ எல் செய்தனான், கணக்கில பி, இங்கிலிஷில சி. யூனி "ஜிசிஎஸ்இ இங்கிலிஷ், மாத்ஸ் கிரேட் 4" எண்டு கண்டிஷன் போட்டிருக்கு. அக்சஸ் படிக்கிற ஆளுக்கு அது தேவையில்லை எண்டு சொல்லுகினமே?

பதில்: அக்சஸ் டிப்ளோமா ஏ லெவலுக்குப் பதிலாத்தான், ஜிசிஎஸ்இக்குப் பதிலா இல்லை. ஒஃபரில எழுதியிருந்தா அது கண்டிஷன்தான், டிஸ்டிங்ஷன் எல்லாம் எடுத்துப்போட்டு மாத்ஸில மாட்டுப்பட்ட ஆக்களை நான் கண்டிருக்கிறன், பாவம், மனம் விட்டுப் போயிடும்.

உங்கட ஓ எல் சேர்ட்டிஃபிக்கேட்டுக்கு யூகே எனிக்கில (வெளிநாட்டுப் படிப்பை இங்கத்தைய படிப்போட ஒப்பிட்டுச் சொல்லுற இடம்) ஒப்பீட்டுக் கடிதம் எடுக்கலாம், காசு கட்டவேணும். ஆனா காசு கட்ட முதல் யூனியைக் கேளுங்கோ, சில யூனி அதை ஏற்கும், சிலது ஏற்காது, சிலது கணக்கை ஏற்று இங்கிலிஷை ஏற்காது. ஏற்காட்டி ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 (இங்கிலிஷ், மாத்ஸுக்கு இருக்கிற இன்னொரு சோதினை) எடுபடுமா எண்டு அடுத்ததாக் கேளுங்கோ, அதை ஜிசிஎஸ்இ மாதிரி வருசத்தில ஒரு தவணைக்குக் காத்துக்கொண்டு இருக்காமல் செய்யலாம். டீச்சர் டிரெயினிங் எண்டா கதை வேற, அங்க கிரேட் 4ஓ அதுக்குச் சமமானதோ இல்லாமல் விடமாட்டினம். ஜிசிஎஸ்இயேதான் எண்டா இங்கிலிஷும் மாத்ஸும் நவம்பரிலயும் எழுதலாம், ரிசல்ட் ஜனவரியில வந்திடும். மே, ஜூனில எழுதினா ரிசல்ட் ஓகஸ்ட் கடைசிப் பக்கம்தான், 31ஆம் திகதியோட நெருக்கிப் பிடிக்கும், அதால ஏலுமெண்டா நவம்பர்.

கேள்வி: மகள் அக்சஸுக்கு லோன் எடுத்தவ. யூனிக்குப் போக முதல் அதைக் கட்டி முடிக்கவேணுமா? நாங்கள் சீட்டுக்காசு எடுத்துக் கட்ட யோசிக்கிறம்.

பதில்: ஐயா, தயவு செய்து கட்டாதேங்கோ. அது அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எண்டா, இங்கிலாந்தில அக்சஸ் கோர்ஸுக்கு எடுத்த அந்த லோனின்ர மிச்சத்தை, பிள்ளை ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் (யூனிப் படிப்புக்கு அரசாங்கம் குடுக்கிற கடன்) கிடைக்கிற ஒரு யூனி கோர்ஸை முடிச்ச உடன ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலண்ட் தள்ளுபடி செய்யும். தொடங்கினாக் காணாது, முடிக்கவேணும். சீட்டுக்காசை மகளின்ர முதல் வருசச் செலவுக்கு வையுங்கோ.