ஸ்டிக்கர் ஒட்டும் வேலையா?

"ஸ்டிக்கர் ஒட்டவா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தோம்?" என்று, மகள் போக நினைக்கும் மின்சாதனச் சோதனை வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள் ஐயா. ஸ்டிக்கர் உண்டுதான். ஆனால், உங்கள் மகள் அதில் 'பாஸ்' என்று எழுதி ஒட்டினால், அடுத்த சோதனை வரை அதை நம்பித்தான் பத்துப் பேர் அந்தக் கருவியைத் தொடுவார்கள்.

கெட்டில், டிரில்லிங் மெஷின், எக்ஸ்டென்ஷன் போர்டு என்று வேலையிடத்தில் பிளக்கில் மாட்டுகிற எல்லாவற்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கட்டுமானத் தளத்து டிரில்லுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை. மேசையை விட்டு நகராத கணினிக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். பிரிட்டனின் 1989 வேலையிட மின்சார விதிமுறைகூட ஆண்டுக்கொரு முறை என்று சொல்லவில்லை. ஆபத்தைப் பொறுத்து இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் படிப்பு வேலைக்கு ஆகிறது.

மீட்டரை எடுக்கும் முன்பே பெரும்பாலான கோளாறு கண்ணில் பட்டுவிடும்: பிளக் ஓரக் கருகல், மேலுறை விலகிய ஒயர், பியூஸுக்குப் பதில் முறுக்கிய கம்பி. பிறகு எர்த் ஒயர் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள், அதன்பின் 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷனை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பைச் சோதிப்பார்கள். எர்த் உள்ள சாதனத்துக்கு இந்தக் காப்பின் மின்தடை பொதுவாக 1 மெகாஓமாவது (பத்து லட்சம் ஓம்) வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்ட சாதனம் இரட்டை இன்சுலேஷன். அதற்கு எர்த் கிடையாது, 2 மெகாஓம் பார்ப்பார்கள். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் பாகம்) உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு, நன்றாக இருந்தும் 500 வோல்ட் சோதனையில் பெயில் காட்டக்கூடும். விவரம் தெரிந்தவர் 250 வோல்ட்டில் சோதிப்பார், தெரியாதவர் தூக்கிப் போடுவார்.

எனக்குக் கவலை வேறு. சாமானுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் நிறுவனங்களில் பிளக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் ஸ்டிக்கர் விழுகிறது. அங்கே சேர்ந்தால் நீங்கள் பயப்படுவது சரிதான். எனவே நேர்முகத்தேர்வில் மகள் மூன்று கேள்வி கேட்கட்டும்: ஒரு நாளைக்கு எத்தனை சாமான்? 'பெயில்' எழுதினால் அதை உடனே பயன்பாட்டிலிருந்து எடுப்பது யார்? சோதிக்கும் மீட்டர் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் கேலிபரேஷன் கடைசியாக எப்போது நடந்தது? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பதில் தெளிவாக இருந்தால் தயங்காமல் சேரச் சொல்லுங்கள். ஓரிரு ஆண்டு கை பழகியபின் கட்டட ஒயரிங் ஆய்வுக்கோ மருத்துவக் கருவிச் சோதனைக்கோ நகரலாம். மருத்துவக் கருவியில் கசிவு மின்னோட்டத்தை மைக்ரோஆம்பியரில் (ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளப்பார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிடட்டும்.